விட்டுக்கொடுக்கும் கருவிகள் இரண்டு

மோட்டார் வண்டியின் திறனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவர். எத்தனை குதிரைவலு, எத்தனை வேகம் என்பனவே அவர்தம் கேள்விகள். ஆயின், எஞ்சினிற் பிறந்த ஆற்றல் வீதியைச் சென்றடையுமுன் இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டியிருக்கிறது. முதல் வாயில் கிளச். இரண்டாவது வாயில் டிபரென்சியல். வண்டியின் அடியில் எண்ணெயும் தூசியும் படிந்து, எவர் கண்ணிலும் படாது கிடக்கும் இவ்விரண்டினது வரலாற்றையே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

இது வெறும் பழங்கதையன்று. தன் வண்டியின் எஞ்சினை வலுப்படுத்திய இளைஞன் ஒருவன், தொழிற்சாலை பூட்டித் தந்த கிளச்சையும் டிபரென்சியலையும் கழற்றிவிட்டு, அவற்றிலும் வலியவற்றை வாங்க உதிரிப்பாகக் கடைக்குச் செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன்முன் பல வகைகள் பரப்பப்படுகின்றன. விலை கூடியது எதுவோ, பந்தயக்காரர் விரும்புவது எதுவோ, அதுவே சிறந்தது என்று அவன் எண்ணுகிறான். வாங்கிப் பூட்டிய பின்னர் நகரத்து நெரிசலில் வண்டி குதிக்கிறது, இடக்கால் கடுக்கிறது, மழை நாளில் வளைவுக்குள் நுழைந்தால் வண்டி வளையாமல் நேரே போகப் பார்க்கிறது. பணத்தையும், சிலவேளை உயிரையும், விலையாகக் கொள்ளும் பிழை இது. அவன் எங்கே தவறினான்? இவ்விரு கருவிகளும் எதற்காகப் பிறந்தன என்பதை அறிந்தால் விடை தானே புலப்படும்.

முதலிற் கிளச்சை எடுத்துக்கொள்வோம்.

நீராவி எஞ்சினுக்குக் கிளச் வேண்டியதில்லை. கொதிகலனில் நீராவி திரண்டிருக்குமாயின், நின்ற நிலையிலிருந்தே அது பாரத்தை இழுக்கத் தொடங்கும். பெற்றோல் எஞ்சினின் இயல்பு வேறு. அது சுழன்றுகொண்டிருந்தால் மாத்திரமே வலு உண்டு. நின்றுவிட்டால் அதனிடம் யாதொரு வலுவும் இல்லை. வண்டியோ நிற்கிறது, எஞ்சினோ ஒரு நிமிடத்தில் பல நூறு முறை சுழல்கிறது. இவ்விரண்டையும் திடீரென ஒன்றாகப் பிணைத்தால், ஒன்றில் எஞ்சின் நின்றுவிடும், அல்லது இடையிலுள்ள ஏதோ ஒன்று முறியும். ஓடுவதையும் நிற்பதையும் மெல்ல மெல்ல ஒரே வேகத்துக்குக் கொண்டுவர, சிறிது நேரம் வழுக்கவும், பின்னர் வழுக்காமற் பற்றவும் வல்ல ஒரு கருவி வேண்டியதாயிற்று.

ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் காப்புரிமைக்குப் பதிந்த முச்சக்கர மோட்டார் வண்டியில் இவ்வேலையை ஒரு தோற்பட்டியே செய்தது. எஞ்சினிலிருந்து வந்த பட்டியை, வெறுமனே சுழலும் கப்பியிலிருந்து தண்டுடன் பிணைந்த கப்பிக்குத் தள்ளினால் வண்டி நகரும். மீண்டும் வெறுங்கப்பிக்குத் தள்ளினால் எஞ்சின் ஓட, வண்டி நிற்கும். அவ்வெஞ்சினின் ஆற்றல் ஒரு குதிரைவலுவுக்கும் குறைவு. ஆகவே பட்டி ஒன்று போதுமாயிருந்தது.

1888ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர் மனைவி பேர்த்தா பென்ஸ், தம் புதல்வர் இருவருடன் மான்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் நகருக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை இவ்வகை வண்டியிற் கடந்தார். வழியில் இறக்கங்களிற் பிறேக் கட்டைகள் தேய்ந்தபோது, செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அக்கட்டைகளின்மேல் தோல் அடிப்பித்தார். உராய்வுக்கு ஏற்ற பொருள் எது என்னும் தேட்டம் மோட்டார் வரலாற்றில் இவ்வாறு வெகு முன்னதாகவே தொடங்கிவிட்டது.

எஞ்சின்களின் ஆற்றல் பெருகப் பெருகத் தோற்பட்டி தாங்கவில்லை. அதன் இடத்தைக் கூம்புக் கிளச் பிடித்தது. எஞ்சின் தண்டின் முனையில் சுழலும் கனத்த சில்லைப் பறப்புச் சில்லு என்பர். அதன் நடுவே கூம்பு வடிவான குழி. அக்குழிக்குட் பொருந்துமாறு தோல் போர்த்த ஒரு கூம்பு. அதனை உள்ளே அழுத்திப் பிடிக்க ஒரு வில். சாரதி மிதியை அழுத்தினாற் கூம்பு வெளியே வரும். காலை எடுத்தால் உள்ளே சென்று பற்றும். அமைப்பு எளிது. தோலோ பொல்லாதது. எண்ணெய் படிந்தால் அது வழுக்கும். உலர்ந்து இறுகினால் வெடுக்கெனப் பற்றி வண்டியைத் துள்ளச் செய்யும். வழுக்கும் கிளச்சுக்கு எண்ணெயை உறிஞ்சும் களிமண் தூளைத் தூவியும், துள்ளும் கிளச்சுக்கு ஆமணக்கெண்ணெய் பூசியும் அக்காலச் சாரதிகள் ஓட்டினர். ஒரே தோல், ஒரு நாள் வழுக்கும், மறுநாள் துள்ளும். நன்றாகப் பற்றுவதும் மென்மையாகப் பற்றுவதும் ஒன்றோடொன்று முரணும் குணங்கள் என்பதைத் தோற் கிளச் அன்றே கற்பித்தது. இப்பாடத்தை நேயர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். பின்னர் இதற்கு வேலை உண்டு.

தோலுக்கு மாற்று, இங்கிலாந்தின் மலைப்பாங்கான டார்பிசயர்ப் பகுதியிலிருந்து வந்தது. இறக்கங்களிற் குதிரை வண்டிக்காரர்கள் பழஞ் சப்பாத்துக்களைச் சில்லுக்கு முட்டுக்கொடுத்து வேகத்தைத் தணிப்பதைக் கண்ட ஹேர்பேட் புரூட் என்பவர், அதனிலும் சிறந்த உராய்வுப் பொருள் செய்ய முற்பட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் 1897இல் தொடங்கிய தொழிலே பிற்காலத்தில் பெரோடோ என்னும் பெயரால் உலகறிந்ததாயிற்று. 1908 அளவில் அவர் கல்நாரைக் கையாளத் தொடங்கினார். கல்நார் எரியாது, வெப்பத்திற் குணம் மாறாது, நெய்யவும் இணங்கும். இனி வேறென்ன வேண்டும் என்று உலகம் எண்ணிற்று. ஆயின் அதன் தூசு நுரையீரலிற் புகுந்து, பல்லாண்டுகள் கழித்து மனிதரைக் கொல்லும் என்பது பின்னரே தெளிவாயிற்று. கல்நாரின் எஞ்சிய வகையையும் ஐக்கிய இராச்சியம் 1999இற் தடைசெய்தது. பழைய வண்டியொன்றின் கிளச்சைத் திறப்பவர் அங்கே படிந்துள்ள தூசியைக் காற்றூதிப் பறக்கவிடலாகாது என்பது இன்றும் உயிர்காக்கும் அறிவுரையாகும்.

உராய்வுப் பொருள் மாறியதோடு கிளச்சின் வடிவமும் மாறியது. லிவர்பூலிற் பொறியியற் பேராசிரியராயிருந்த ஹீல்-சோ என்பார், பல தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி எண்ணெயில் இயங்கச் செய்த கிளச் ஒன்றை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கினார். அமெரிக்காவில் போர்க் அன்ட் பெக் நிறுவனம் ஒற்றைத் தட்டுக் கிளச்சைப் பரப்பிற்று. எஞ்சினோடு சுழலும் இரண்டு இரும்பு முகங்களுக்கிடையே, உராய்வுப் பொருள் பூண்ட ஒரு தட்டு. அதனை நெரித்துப் பிடிக்கச் சுற்றிவரச் சுருள்விற்கள். இன்றைய கிளச்சின் உருவம் அதுவே. 1930களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம், பல சுருள்விற்களுக்குப் பதிலாகத் தட்டையான கிண்ணம் போன்ற ஒரே வில்லைப் பயன்படுத்தத் தொடங்கியது. சுருள்வில், தட்டுத் தேயத் தேய அழுத்தம் குறைவது. கடுஞ்சுழற்சியில் வெளிப்புறமாக வளைவது. கிண்ணவில்லுக்கு இக்குறைகள் இல்லை. மிதியை அழுத்துகையில் ஓர் எல்லைக்குப் பின்னர் அது இலகுவாகவும் செய்யும். ஆகையால் இன்று ஓடும், கிளச் மிதியுள்ள கார்களிற் பெரும்பாலானவற்றில் அதுவே அமர்ந்திருக்கிறது.

இனி, வலிய கிளச் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். தட்டுக் கிளச் ஒன்று தாங்கக்கூடிய முறுக்கு விசை நான்கு அளவுகளின் பெருக்கமே: உராய்வுப் பொருளின் பற்றுக் குணகம், விற்கள் தரும் அழுத்தம், தட்டின் சராசரி ஆரை, உராயும் முகங்களின் எண்ணிக்கை. எடுத்துக்காட்டாக, குணகம் 0.3, அழுத்தம் 4,000 நியூற்றன், ஆரை 8 சதமமீற்றர், முகங்கள் இரண்டு எனின், அக்கிளச் தாங்குவது 192 நியூற்றன்-மீற்றர். எஞ்சின் தருவது 135 நியூற்றன்-மீற்றர் எனின், கையிருப்பு தாராளமாக உண்டு. எஞ்சினின் புகையாற் சுழன்று, அதனுள் மேலதிகக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போக் கருவியைப் பூட்டி 240 ஆக உயர்த்தினாலோ, அதே கிளச் வழுக்கும், வழுக்கினாற் சூடேறும், சூடேறினாற் கருகும்.

அப்போது செய்யக்கூடியவை நான்கேயாம். அழுத்தத்தை ஒன்றரை மடங்காக்கினால் 288 வரை தாங்கும். ஆனால் சாரதியின் காலும் அதற்கேற்ற பாரத்தைச் சுமக்கும். அன்றியும், மிதியை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அப்பாரம் எஞ்சின் தண்டின் பக்கத் தாங்கியின்மேல் விழுந்து அதனைத் தேய்க்கும். இனி, வெண்களிப்பொடியும் உலோகமும் கலந்த துண்டுகளைத் தட்டிற் பதித்துப் பற்றுக் குணகத்தைக் கூட்டலாம்; அது கடுவெப்பத்தையும் தாங்கும். ஆனால் அது மெல்லப் பற்றுவது அரிது. பண்டைய உலர்ந்த தோலைப் போல வெடுக்கெனப் பிடிக்கும். தட்டைப் பெரிதாக்கலாம், ஆயின் உள்ளே இடம் வேண்டும், பெருந்தட்டு தன் சுழற்சியை விரைவில் மாற்றிக்கொள்ளாமையாற் கியர் மாற்றுவதும் தாமதப்படும். இரண்டு தட்டுகளைப் பூட்டி முகங்களை நான்காக்கினால், மிதி கனக்காமலே 384 வரை தாங்கும். விலையும் நுணுக்கமும் கூடும், சிலவற்றிற் சலசலப்பும் கேட்கும். இலாபம் மாத்திரம் தரும் வழி இந்நான்கில் ஒன்றும் இல்லை. இதுவே பெட்டிகளின்மேல் அச்சிடப்படாத உண்மை.

இவ்வகைப் பாகங்களைத் தொழிற்சாலைக்கு வெளியே செய்து விற்கும் வணிகம் எங்கே வளர்ந்தது? இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய இளைஞர்கள், அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் வறண்ட ஏரிப் படுகைகளிலே பழைய போர்ட் கார்களைத் திருத்திப் பந்தயம் ஓடினர். முதலில் எஞ்சின்களையே மாற்றினர். எஞ்சின் வலுத்ததும் கிளச்சும் பறப்புச் சில்லும் முறியத் தொடங்கின. சுழலும் பொருளிலே சிதறடிக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது. சுழற்சி இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். சாதாரண வேகத்துக்கென வார்த்தெடுத்த இரும்புச் சில்லை இரு மடங்கு வேகத்திற் சுழற்றினால், அது வெடித்துச் சாரதியின் கால்களை நோக்கிப் பாயும். ஆகவே உருக்காலும் அலுமினியத்தாலுமான சில்லுகளும், அவற்றைச் சூழ உருக்குக் கவசங்களும் செய்யப்பட்டன. 1951இல் தேசிய ஹொட் ரொட் சங்கம் தோன்றி இப்பந்தயங்களுக்கு ஒழுங்கு விதித்தது. 1963இல் பாகம் செய்வோர் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர்.

அவ்விதிகள் வீணானவையல்ல. 1970ஆம் ஆண்டு மார்ச்சு 8ஆம் நாள், லோங் பீச் நகரை அடுத்த லயன்ஸ் பந்தயத் திடலில், புகழ்பெற்ற பந்தய வீரர் டொன் கார்லிற்ஸ் ஓட்டிய வண்டியின் கியர்பெட்டி வெடித்தது. வண்டி இரண்டாகப் பிளந்தது. அவர் தம் வலப் பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். மருத்துவமனையிற் படுத்திருந்தபடியே, எஞ்சினைத் தமக்குப் பின்னால் வைக்கும் வண்டியொன்றை அவர் சிந்தித்தார். 1971இல் அவ்வண்டியால் வெற்றியும் கண்டார். நூற்றுக்கணக்கான குதிரைவலுவைப் பாதத்தின் அருகே சுழற்றுவோர் எதனோடு விளையாடுகின்றனர் என்பதை உணர்த்த இந்நிகழ்ச்சி ஒன்றே போதும். வீதியில் ஓடும் வண்டியானாலும், தரச்சான்று பெற்ற பறப்புச் சில்லையன்றி வேறொன்றை வாங்கலாகாது என்பது இதிலிருந்து கொள்ளவேண்டிய பாடம்.

எஞ்சினின் ஆற்றல் கிளச்சைக் கடந்து கியர்பெட்டி வழியாகப் பின்னச்சை அடைந்துவிட்டது. அங்கே இரண்டாவது வாயில் நிற்கிறது.

மாட்டு வண்டியின் இரு சில்லுகளும் தனித்தனியே சுழல்வன. ஆகையால் அது திரும்புவதில் இடரில்லை. சில்லுகளை எஞ்சின் சுழற்றும்போதுதான் தொல்லை எழுகிறது. வண்டி ஒரு வட்டமிடும்போது வெளிச் சில்லு உட்சில்லைக் காட்டிலும் கூடிய தூரம் ஓட வேண்டும். எவ்வளவு கூடுதலாக? இரு சில்லுகளுக்கும் இடையிலுள்ள அகலம் 1.4 மீற்றர் எனின், ஒரு முழு வட்டத்துக்கு ஏறத்தாழ 8.8 மீற்றர். வட்டம் சிறியதாயினும் சரி, ஒரு நகரையே சுற்றிவரும் பெருவட்டமாயினும் சரி, இத்தொகை மாறுவதில்லை. இரு சில்லுகளையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்தால், இந்த 8.8 மீற்றரையும் ஏதோ ஒரு ரயர் வீதியில் உரைந்தே தீர்க்க வேண்டும்.

இதற்கு விடை கண்டவர் மணிக்கூடு செய்வோர் மரபில் வந்த ஒருவர். பாரிசு நகரத்தவரான ஒனெசிபோர் பெக்கர், 1820களின் இறுதியில், நீராவி வண்டியொன்றுக்காக டிபரென்சியலுக்குக் காப்புரிமை பெற்றார். 1832இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் றொபேட்ஸ் இதையொத்த அமைப்பொன்றைப் பதிந்தார். ஆயினும் நீராவி வண்டிகள் அருகியே ஓடிய காலம் அது. அக்கருவியைப் பலரறியச் செய்தது முச்சக்கரத் துவிதி வண்டியே. கொவென்றி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லியும் அவர் மகனும் அருகருகே அமர்ந்து மிதிக்கும் வண்டியொன்றை ஓட்டிச் சென்றனராம். மகன் இளைஞன், தந்தை முதியவர். மகன் பக்கத்துச் சில்லு முந்த, வண்டி வழிதவறிப் போயிற்றாம். இருவர் வலுவையும் சமமாகப் பகிர்ந்தளிக்கும் பற்சில்லுத் தொகுதியின் எண்ணம் அப்போதே அவருள்ளத்தில் உதித்தது என்பர். 1877இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். விக்ரோறியா மகாராணி 1881இல் அவருடைய முச்சக்கர வண்டிகள் இரண்டை வாங்கினார். பின்னர்ப் பென்ஸ் தம் மோட்டார் வண்டியிற் பூட்டியதும் இத்தகைய டிபரென்சியலே.

ஆனால் சமமாகப் பகிர்தலே இக்கருவியின் குறையுமாகும். டிபரென்சியல் இரு சில்லுகளுக்கும் வேகத்தை விரும்பியவாறு பிரித்துக்கொள்ள விடும். முறுக்கு விசையையோ எப்போதும் சரிபாதியாகவே பங்கிடும். ஒரு சில்லு சேற்றில் நின்று 50 நியூற்றன்-மீற்றருக்கு மேல் தாங்க மாட்டாது சுழலுமாயின், உறுதியான நிலத்தில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் 50 மாத்திரமே கிட்டும். வலியவனுக்கும் மெலியவனுடைய பங்கே. வேகமான வளைவிலும் இதுவே நிகழ்கிறது. வண்டியின் பாரம் வெளிப்புறம் சாய, உட்சில்லு இலேசாகி வீணே சுழல்கிறது, எஞ்சின் முழங்குகிறது, வண்டி முன்னேறுவதில்லை.

இக்குறையை உலகறியக் காட்டியது ஜேர்மனியின் ஓட்டோ யூனியன் பந்தயக் கார். 1934இல் நடைமுறைக்கு வந்த பந்தய விதி வண்டியின் எடையை 750 கிலோகிராமுக்குள் அடக்கிற்று. எஞ்சினின் ஆற்றலுக்கோ எல்லை வகுக்கவில்லை. பேர்டினன்ட் போர்சே வகுத்த அக்காரின் 16 சிலிண்டர் எஞ்சின், 1936 அளவில் 520 குதிரைவலுவைத் தந்தது. மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்திலும் ஒரு பின்சில்லு வீணே சுழன்றது. 1935இல் போர்சே இதற்குத் தீர்வு காணுமாறு பிரீட்ரிக்ஸ்ஹாவன் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றைக் கேட்டார். பற்சில்லுத் தொழிற்சாலை என்பதே அதன் பெயரின் பொருள், இன்று செட்.எப். என்னும் இரண்டெழுத்தால் அறியப்படுவது. இரு சில்லுகளின் வேக வேற்றுமையை முற்றாகத் தடுக்காமலும் முற்றாக விடாமலும் உராய்வினாற் கட்டுப்படுத்தும் டிபரென்சியலை அத்தொழிற்சாலை ஆக்கித் தந்தது. பேர்ன்ட் றோஸ்மேயர் 1936இல் ஐரோப்பிய வீரர் பட்டத்தை வென்றது இவ்வகைக் கார்களிலேயே.

போருக்குப் பின்னர் இவ்வமைப்பு வீதிக்கு இறங்கியது. 1956இல் அமெரிக்காவின் பக்கார்ட் கார்களிலும், 1957இல் சிவர்லே கார்களிலும், சிறு கிளச் தட்டுகள் உள்ளமைந்த டிபரென்சியலை வேண்டுவோர் பெறலாயினர். முதல் வாயிலின் கருவி இரண்டாவது வாயிலுக்குள்ளும் குடிபுகுந்தது எனலாம். 1958இல் வேர்னன் கிளீஸ்மன் என்னும் அமெரிக்கர், தட்டுகளே இல்லாமல், திருகுப் பற்சில்லுகளின் உராய்வினாலேயே இயங்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1980களிலே அது ரோர்சன் என்னும் பெயரோடு சந்தைக்கு வந்தது. முறுக்கை உணர்வது என்பது அப்பெயரின் கருத்து.

இவ்விரு வகைகளுக்கும் குணங்கள் வேறு. தட்டு வகை, ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினும் மற்றதற்குச் சிறிதளவு விசையை அனுப்பும். வேகம் கூட்டும்போது மட்டும் இறுகுவது, வேகம் குறைக்கும்போதும் இறுகுவது என அதனைச் சரிசெய்யலாம். பந்தயக்காரர் அதனை விரும்புதல் இயல்பே. ஆயின் தட்டுகள் தேயும். அதற்கென உரிய எண்ணெய் வேண்டும். வாகனத் தரிப்பிடத்தில் மெதுவாகத் திரும்பும்போது முறுமுறுக்கும். வேகம் குறைக்கும்போதும் இறுகும் வகையானால், ஈர வீதியின் வளைவுக்குள் நுழையும் வண்டியை நேரே தள்ளவும் கூடும். ரோர்சன் வகை ஓசையின்றி வேலை செய்யும், தேய்வு குறைவு, வளைவில் தானாகவே நெகிழும். மெலிந்த சில்லு தாங்குவதைப் போல, ஏறத்தாழ மூன்று மடங்கை வலிய சில்லுக்கு அனுப்பும் வகைகளும் உண்டு. மெலிந்த சில்லு 50 தாங்கினால் மற்றதற்கு 150 கிடைக்கும். ஆனால் ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கினாலோ, மூன்று மடங்கு பூச்சியமும் பூச்சியமே. இதனாலேயே, இக்கருவி பூண்ட ஹம்வீ வண்டிகளை ஓட்டும் அமெரிக்க இராணுவச் சாரதிகளுக்கு, சில்லு தொங்கும் இடத்திற் பிறேக்கைச் சிறிது மிதித்தபடியே எஞ்சினை முடுக்கும் முறை கற்பிக்கப்படுகிறது. பிறேக் தரும் தடை பூச்சியத்தை ஓர் எண்ணாக்கிவிடுகிறது.

இனி, நாம் முதலிற் கண்ட இளைஞனிடம் திரும்புவோம். அவனுடைய வண்டி, 1989இல் சிக்காகோக் கண்காட்சியில் அறிமுகமான யப்பானின் மஸ்டா எம்.எக்ஸ்-5 என்று கொள்வோம். இரு இருக்கைகள் கொண்ட, 1,000 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த, பின்சில்லால் இயங்கும் சிறு கார் அது. முதல் வந்த 1.6 லீற்றர் எஞ்சின் ஏறத்தாழ 135 நியூற்றன்-மீற்றர் முறுக்கு விசை தரும். அதன் கிளச் தட்டு 200 மில்லிமீற்றர் விட்டமுடையது. டிபரென்சியலின் பெரும் பற்சில்லு ஆறு அங்குலத்தது. 1994ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளில் எஞ்சினை 1.8 லீற்றராக்கிய அந்நிறுவனம், கிளச் தட்டை 215 மில்லிமீற்றராகவும், பற்சில்லை ஏழு அங்குலமாகவும் பெருக்கிற்று. சில வகைகளில் ரோர்சன் டிபரென்சியலையும் வைத்தது. ஆற்றல் சிறிது கூடியபோது முழு வரிசையையும் ஒருங்கே வலுப்படுத்திய பொறியியலாளரின் நிதானத்தை இங்கே கவனிக்க வேண்டும்.

1.6 லீற்றர் வண்டிக்கு டர்போ பூட்டிய பலர் இந்நிதானத்தைக் கைக்கொள்ளவில்லை. கிளச் வழுக்கியதும், கடையிற் கிடைத்தவற்றுள் வலியதை, உலோகத் துண்டுகள் பதித்த கடுங்கிளச்சை, வாங்கிப் பூட்டினர். கிளச் வழுக்குவது நின்றது. ஆனால் அதுவரை வழுக்கித் தணித்து வந்த அதிர்ச்சி முழுவதும் இப்போது ஆறு அங்குல டிபரென்சியலின்மேல் விழுந்தது, பற்கள் முறிந்தன. கிளச்சின் வழுக்கல் ஒரு குற்றம் மாத்திரமன்று. அளவோடிருந்தால் அது காவலுமாகும். அந்தக் காவலை நீக்குபவன், பின்னால் நிற்கும் கியர்பெட்டியும் அச்சும் அந்த அடியைத் தாங்குமா என்பதை முதலிற் கேட்டறிந்திருத்தல் வேண்டும். அனுபவம் உடையோர் கொண்ட வழி வேறு: 1.8 லீற்றர் வண்டியின் டிபரென்சியலையும் அரை அச்சுக்களையும் இணைப்புத் தண்டையும் ஒருங்கே எடுத்துப் பூட்டி, அதன் பெரிய பறப்புச் சில்லோடு, அழுத்தம் சிறிது கூடிய, மென்பொருட் தட்டுள்ள கிளச்சைச் சேர்த்தனர். வீதியில் ஓட அது பெரும்பாலோர்க்குப் போதுமாயிற்று.

ஆகவே, வாங்குமுன் அவன் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. எஞ்சின் உண்மையில் எத்துணை முறுக்கு விசை தருகிறது? விளம்பரம் கூறும் அளவன்று, அளந்து கண்ட அளவு. அதற்குமேல் மூன்றிலொரு பங்கு கையிருப்பு வைத்துக் கிளச்சைத் தெரிந்தாற் போதும், இரட்டிப்பு வேண்டியதில்லை. நாள்தோறும் நெரிசலில் ஓடுவதாயின், மையத்திற் சிறு விற்கள் கொண்ட மென்பொருட் தட்டே தக்கது. அதனால் தாங்க முடியாத அளவுக்கு எஞ்சின் வலுத்துவிட்டால், கடுந்தட்டு ஒன்றை நாடுவதிலும் இரட்டைத் தட்டை நாடுதல் காலுக்கு நலம். புதுத் தட்டு எதுவாயினும், முதற் சில நூறு கிலோமீற்றர் மென்மையாக ஓட்டிப் படியவைத்தல் வேண்டும். டிபரென்சியலைப் பொறுத்தவரை, மழையிலும் வெயிலிலும் வீதியில் ஓடுபவனுக்குத் திருகுப் பல் வகையே அமைதியான துணை; விடுமுறை நாட்களிற் பந்தயத் திடலுக்குச் செல்பவன், வேகம் கூட்டும்போது மட்டும் இறுகும் தட்டு வகையை எண்ணிப் பார்க்கலாம். இரு சில்லுகளையும் முற்றாகப் பிணைத்துவிடும் வகையோ வீதிக்கு உரியதன்று. அது பெக்கரும் ஸ்டார்லியும் தீர்த்துவைத்த தொல்லையை விலைகொடுத்து மீண்டும் வாங்குவதாகும்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம்மவர் வாய்மொழி. கிளச் பிறந்தது, ஓடுவதற்கும் நிற்பதற்கும் இடையே சிறிது வழுக்கிக் கொடுப்பதற்காக. டிபரென்சியல் பிறந்தது, உட்சில்லும் வெளிச்சில்லும் தத்தம் வழியை ஓட விடுவதற்காக. பின்வந்தோர் அவற்றை வலுப்படுத்தியபோதும், அவ்விட்டுக்கொடுக்கும் குணத்தை முற்றாக அழிக்கவில்லை. எவ்வளவு விடலாம், எவ்வளவு பிடிக்கலாம் என்னும் அளவையே தேடினர். அந்த அளவைத் தன் வண்டிக்கும், தன் வீதிக்கும், தன் காலுக்கும் ஏற்பக் கண்டுகொள்பவனே நல்ல கிளச்சையும் நல்ல டிபரென்சியலையும் வாங்குகிறான்.